மண் இளகும்வரை

ஆகஸ்ட் 9

எழுதலாம் என்று எடுத்தால் நோட்டு தலைகீழாக இருக்கிறது. அட்டையை மாற்றி ஒட்டிவிட்டார்கள். நான் வேலை செய்கிற பைண்டிங் கடையில் இப்படிக் கழிவது எல்லாம் எங்களுக்குத்தான். எனக்குப் பொருத்தமான நோட்டு.

இன்று குழி தோண்டுகிறவர் வந்தார். எல்லாரும் அவரைக் ‘கடப்பாரை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் வாய் தவறி “கடப்பாரை அண்ணே” என்றுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

அக்காவின் அறையை ஒட்டிப் புது பாத்ரூம் கட்டி முடித்து ஒரு மாதம் ஆகிறது. டைல்ஸ், கம்மோடு, பைப், கதவு எல்லாம் இருக்கிறது. போனது போய்ச் சேர இடம்தான் இல்லை. செப்டிக் டேங்க் புதைத்தால்தான் அது பாத்ரூம். அதுவரை சும்மா ஒரு வெள்ளை அறை. பழைய கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் அதன் குழி நிரம்பி, உள்ளே போனதெல்லாம் வெளியே வரும். ஆபரேஷன் செய்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா ஒரு நாளைக்கு எத்தனை தடவை அங்கே நடப்பாள்?

கடப்பாரை மண்ணில் ஒரு போடு போட்டார். கணீரென்றது.

“பாறை இல்லம்மா, காஞ்ச மண்ணுதான். ஆனா பாறைக்குத் தங்கச்சி.”

இப்போதே வேண்டுமென்றால் உடைக்கிற மெஷின் கொண்டுவர வேண்டும். நாலைந்து நாள் வீடே அதிரும். இல்லையென்றால் ரெண்டு மழை பெய்யட்டும் என்றார். “மண்ணு இளகிடும், வெண்ணெய் மாதிரி வெட்டலாம். பெருமழைக்கு முன்னாடி ஒரு இடைவெளி விடும் பாருங்க, அதான் குழி தோண்டத் தோதான காலம்.”

ஜன்னலிலிருந்து அக்கா கத்தினாள். “இப்பவே மெஷினைக் கொண்டாங்க!”

தையல் பிரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நன்றாகத் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷினை வைத்து இடிப்பதா?

“மழை வரட்டும்ணே” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 10

அக்கா பேசவில்லை. காபி டம்ளரை மட்டும் நீட்டினாள்.

ஆகஸ்ட் 17

இன்று வாயைத் திறந்தாள். திறந்தால் மூடுவாளா? பஸ்ஸில் கண்டக்டராகவே காலம் தள்ளியவள். அவள் குரலுக்குக் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் எழுந்து சில்லறை எடுப்பான். இந்த வீட்டுக்கு நான் ஒருத்திதான் பயணி.

“சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் போயிடுமா? இன்ஜின் மேல உட்கார்ந்து சோறு தின்னவடி நான்.”

அப்புறம் குரல் இறங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் இதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

“டிரைவருக்கு என்ன, எங்க வேணா ஓரங்கட்டி இறங்கிடுவாரு. நான் எங்கடி இறங்குவேன்? டெப்போல ஒரே ஒரு கக்கூஸ். அதுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையால கதவைப் புடிச்சுக்கணும். அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்காம டூட்டி பார்த்தேன். அடக்கி அடக்கியே வயசாயிடுச்சு.”

அவளுக்கு என்ன வேண்டும் என்பதையும் சொன்னாள். விரல்விட்டு எண்ணி எண்ணிச் சொன்னாள். கட்டிலிலிருந்து நாலு எட்டு. கதவைச் சாத்தணும். தாழ் போடணும். முடிஞ்சதும் ஒரு அமுக்கு. தண்ணி சர்ருனு போகணும்.

“வெளியே யாரும் காத்துக்கிட்டு நிக்கக் கூடாது. நீயும்தான்.”

“தாழ் எதுக்கு? உள்ள விழுந்து கிழுந்து வச்சா?”

“விழுந்தா விழறேன். உள்ள விழறது என் பிரச்சினை.”

நான் வேலைக்குப் போயிருந்தபோது ஆசாரியை வரவழைத்துத் தாழ் போட வைத்திருக்கிறாள். சாயங்காலம்தான் பார்த்தேன். நல்ல கனமான தாழ். ஜெயிலுக்குப் போடுகிற மாதிரி.

செப்டம்பர் 4

ஆஸ்பத்திரி. அக்காவை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். குடலில் எடுத்த கட்டி போக ஈரலிலும் இருக்கிறதாம். இனிமேல் வெட்டுவதில் பயனில்லையாம். “நாலு மாசம்... கூடவும் ஆகலாம், குறையவும் செய்யலாம்.” டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சின்ன வயசு. பாவம், அவருக்கும் இது கஷ்டம்தான்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். “என்னவாம்? கடைசி ஸ்டாப் எப்பவாம்?”

“ஒண்ணும் சொல்லலைக்கா. மாத்திரை மாத்தியிருக்காரு.”

“டிக்கெட் எடுக்காதவ முழிக்கிற முழி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டி. வா, வீட்டுக்குப் போலாம்.”

ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது அழுதேன்.

செப்டம்பர் 5

காலையிலேயே கடப்பாரைக்குப் போன் போட்டேன். மெஷின் கொண்டுவரச் சொன்னேன், வீடு அதிர்ந்தால் அதிரட்டும் என்றேன்.

“மெஷின் ரோட்டு வேலைக்குப் போயிடுச்சேம்மா. எப்படியும் மாசக் கடைசி ஆகும். இவ்வளவு நாள் பொறுத்தீங்க, மழை ரெண்டு வாரத்துல வந்துடும், பாருங்க.”

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறேன்.

செப்டம்பர் 11

பைண்டிங்கில் அடுத்த வருஷத்துத் தினக் காலண்டர் வேலை ஆரம்பம். நாள் முழுக்கக் கட்டுக் கட்டாகப் பின் அடிக்கிறேன். இன்று பிப்ரவரித் தாள்கள் என் கைக்கு வந்தன. பக்கத்துச் சீட்டுக்காரி “ஏன் நிறுத்திட்ட?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

செப்டம்பர் 20

மழை! நல்ல மழை. மண் குடித்துவிட்டது. ஒரு சொட்டு தேங்கவில்லை. அக்கா ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி நனைத்தாள்.

செப்டம்பர் 23

ரெண்டாவது மழையும் ஆயிற்று. கடப்பாரையே போன் செய்தார். நாளை மறுநாள் வருகிறார்.

செப்டம்பர் 26

நேற்றும் இன்றும் தோண்டினார்கள். சொன்ன மாதிரியே வெண்ணெயாகத்தான் வெட்டுப்பட்டது. அக்கா நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்துகொண்டு, “இன்னும் உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி காலியா இருக்குது பாருங்க” என்று கூட்டத்தை நகர்த்துகிற மாதிரி அதட்டிக்கொண்டிருந்தாள். குழிக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. எவ்வளவு நாளாயிற்று!

தோள் ஆழம் போனதும் அடியில் தண்ணீர் கசிந்தது. மோட்டார் வைத்து இறைத்தார்கள். மத்தியானம் கறுப்பு பிளாஸ்டிக் டேங்கைக் கயிறு கட்டி இறக்கியாயிற்று.

அங்கேதான் தகராறு. கடப்பாரை உடனே டேங்க் நிறையத் தண்ணீர் விடச் சொன்னார். வெறும் டேங்க் நிற்காது, கீழே தண்ணி ஏறினால் தூக்கிவிடும் என்றார். குழாய்க்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. “ரொப்பிட்டா நான் உள்ள கை விட்டு எப்படி பைப் இணைக்கிறது? காலைல வந்து ஒரு மணி நேரத்துல முடிச்சுடறேன். அப்புறம் ரொப்பிக்கங்க.” ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வானத்தைப் பார்த்தேன், வெளுப்பாகத்தான் இருந்தது. காலையில் முடிந்துவிட்டால் மத்தியானமே அக்கா...

குழாய்க்காரர் சொன்னபடியே ஆகட்டும் என்றேன்.

செப்டம்பர் 27

விடிய விடியக் கொட்டித் தீர்த்துவிட்டது. எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தால், புதைத்த டேங்க் தரைக்கு மேலே நிற்கிறது. பாதி உடம்பு வெளியே, ஒருக்களித்து, மேலெல்லாம் சேறு. இவ்வளவு பெரிய சாமான். தானாக எழுந்து வந்துவிட்டது.

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். சுவரைப் பிடித்தபடி அக்கா நிற்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரிக்கிறாள்.

“கிணறு வெட்டப் பூதம் கிளம்பும்பாங்க. இங்க குழிக்குள்ள வச்சதே கிளம்பிடுச்சேடி! புதைச்சது எந்திரிச்சு வருதுன்னா... எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வருது.”

“வாயை மூடுக்கா!”

மூடவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததும் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

செப்டம்பர் 30

மழை விடவே இல்லை. அந்த இடைவெளி, இடைவெளி என்றாரே, அது இந்த வருஷம் வரவில்லை. குழியின் ரெண்டு பக்கமும் சரிந்துவிட்டன. டேங்கை இழுத்துச் சுவரோரம் உருட்டிப் போட்டார்கள். கடப்பாரை குடைகூட இல்லாமல் நின்றார்.

“இனி தோண்டத் தோண்ட சரியும்மா. கீழ்த்தண்ணி இறங்கணும். மண்ணு கெட்டிப்படணும். பிப்ரவரி கடைசி, இல்ல மார்ச்சு. அதான் சரியான காலம்.”

சரியான காலமா? எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். “இதை ஆகஸ்ட்லயே சொல்றதுக்கென்ன? மழை வரட்டும், வெண்ணெய்னு சொன்னது யாரு? எங்கக்காவுக்கு மார்ச்சு இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “ரெண்டு வழியும் சொன்னேன்மா” என்றார்.

சொன்னார்தான்.

அக்டோபர் 12

பழைய கக்கூஸில் கணுக்கால் வரை தண்ணீர். பக்கத்து வீட்டு டீச்சர், “எங்க வீட்டுக்கு வாங்க, என்ன இருக்கு இதுல” என்றார். நல்ல மனசு. ஒரு வாரம் அக்கா போய்வந்தாள், குடை பிடித்துக்கொண்டு நானும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. நேற்று உள்ளே முடியாமல் போய்க் கொஞ்சம் தரையிலும் ஆகிவிட்டது. நான் கழுவிவிட்டுத்தான் வந்தேன். 

இன்று டீச்சர் வீட்டு கேட்டில் பூட்டு தொங்கியது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவை மெதுவாகத் திருப்பி நடத்திக்கொண்டு வந்தேன். பாதித் தெருவிலேயே ஆகிவிட்டது. அவள் நிற்கவில்லை, குனியவில்லை. டிக்கெட் கொடுக்கிற மாதிரியே நேராகப் பார்த்தபடி நடந்தாள். வீட்டுக்குள் வந்து சேலையைத் தானே மாற்றிக்கொண்டாள்.

அக்டோபர் 15

நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி வாங்கிவந்தேன். அடியில் வாளி. புது பாத்ரூமிலேயே, கம்மோடுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். கதவாவது இருக்கிறதே.

முடிந்ததும் உள்ளிருந்து விசில் அடிக்கிறாள். பழைய டூட்டி விசில், எங்கே வைத்திருந்தாளோ. ஒரு விசில் என்றால் நில், வராதே. ரெண்டு விசில் என்றால் வா, வாளியை எடு. நான் தூக்கிக்கொண்டு வரும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். ஒவ்வொரு தடவையும்.

அக்டோபர் 28

மழை விட்டும் தூவானம் விடவில்லை. கடப்பாரை வந்து ஒரு கம்பியைக் குத்திப் பார்த்துவிட்டுப் போனார். கம்பி ஈரமாகத்தான் வந்தது. அடுத்த வாரமும் வருவாராம்.

நவம்பர் 8

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன்.

வேலை முடிந்து வந்தால் அக்கா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். தலை வாரியிருக்கிறாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “போச்சுடி” என்றாள். “என்ன போச்சு?” “நல்லாப் போச்சு. சர்ருனு.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கொல்லைக்கு ஓடினேன். கம்மோடிலிருந்து வரும் பைப், டேங்கில் சேர வேண்டிய பைப், வாய் திறந்தபடி சரிந்த குழியில் நிற்கிறது. குழியில் மழைத்தண்ணீர். அதில் எல்லாம் மிதக்கிறது. காலையிலிருந்து எத்தனை தடவை போனாளோ. குழி வழிந்து ஈரம் வேலியைத் தாண்டி டீச்சர் வீட்டுக் கிணற்றுப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

கத்தினேன். வாய்க்கு வந்தபடி கத்தினேன். “அந்தக் கிணத்துத் தண்ணியைத்தானே அவங்க குடிக்கிறாங்க! அறிவில்ல உனக்கு? இந்த நாத்தத்தை யார் அள்றது? நான்தானே அள்ளணும்! நான்தானே எல்லாத்தையும் அள்றேன்!”

கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அக்கா முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நவம்பர் 9

குழியை அள்ளினேன். சுண்ணாம்பு போட்டேன். பைப் வாயில் சாக்கு அடைத்தேன். டீச்சரிடம் போய்ச் சொல்லி, கொஞ்ச நாள் கிணற்றுத் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

விசில் வரவில்லை. நானே போய்ப் போய்ப் பார்க்கிறேன்.

நவம்பர் 11

சாப்பிடாமல் இருந்தாள். தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். “மன்னிச்சுடுக்கா.”

“நீ சொன்னது சரிதானே. ஊரான் குடிக்கிற தண்ணி. நான் அதை யோசிக்கலை. எனக்கு... ஒரு தடவை அமுக்கிப் பார்க்கணும்போல இருந்துச்சு.”

“அம்மா போனப்புறம் எனக்கு நீ கழுவி விடலையா? அது மாதிரின்னு நெனச்சுக்கோ.”

“அது வேறடி. நீ வளர்ற குழந்தை. இன்னைக்குக் கழுவினா நாளைக்கு நீயே கழுவிப்பே. இது அப்படியா? இன்னைக்கு வாளி, நாளைக்குத் துணி. இறங்கு வரிசை.”

ரெண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவதைத் தள்ளிவிட்டாள்.

டிசம்பர் 19

வலி மருந்தை மாற்றியிருக்கிறார்கள். பகலெல்லாம் மயக்கம். நாலு எட்டு நடக்க என் தோள் வேண்டும். உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்ததும், “போ வெளியே” என்கிறாள். தாழ் விழுகிற சத்தம் கேட்கும். அதற்கு மட்டும் அந்தக் கையில் எப்படியோ வலு வந்துவிடுகிறது. சில நாள் ஒன்றுமே வருவதில்லை. சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.

ஜனவரி 1

புதுக் காலண்டரை அக்கா அறையில் மாட்டினேன். நான் பின் அடித்த கட்டாகக்கூட இருக்கலாம்.

“எந்தத் தாள்ல தோண்டறாங்க?”

மார்ச் 10 என்று வாயில் வந்ததைச் சொன்னேன். காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தாள் வரை விரலால் புரட்டிப் பார்த்தாள். முன்னால் இருந்த தாள்களைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அமுக்கினாள்.

“இவ்வளவு தடிமனா?” என்றாள்.

ஜனவரி 13

காலையில் அவள் கட்டிலைச் சுற்றித் தரையெல்லாம் காகிதம். காலண்டரில் மார்ச் 10. நடுவில் இருந்த அத்தனையையும் கிழித்துப் போட்டிருக்கிறாள். மூச்சு வாங்குகிறது, ஆனால் கண்ணில் பழைய குறும்பு.

“மார்ச்சு வந்தாச்சு. கூப்பிடுடி கடப்பாரையை.”

கூப்பிட்டேன். வேறென்ன செய்ய? அவரும் வந்தார். கம்பியைக் குத்தினார். முழங்கை ஆழத்துக்குக் கீழே இன்னும் தண்ணீர். ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, “மண்ணு இறுகிக்கிட்டு வருதுக்கா. வந்துடறோம்” என்றார். அக்கா கையை ஆட்டினாள். “ரைட், ரைட்.”

கொல்லைக் கதவுக்கு வந்ததும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜனவரி 29

இப்போது துணிதான். அவள் சொன்ன வரிசைப்படியே. மாற்ற வேண்டுமென்றால் கட்டிலிலிருந்தே ரெண்டு விசில்.

பிப்ரவரி 6

விடிந்தும் விசில் கேட்கவில்லை. அதனால்தான் எழுந்து போனேன்.

காலண்டரில் மார்ச் 10 என்றுதான் இருக்கிறது. அக்காவுக்கு பிப்ரவரி 6 என்று ஒரு தாளே இல்லை.

பிப்ரவரி 7

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கைகால் கழுவ இடம் கேட்டார்கள். புது பாத்ரூம் கதவைத் திறக்கப் போனவர்களிடம், “அது இன்னும் முடியலை” என்றேன். டீச்சர் தன் வீட்டு கேட்டை விரியத் திறந்துவைத்தார். எல்லாரும் அங்கே போய்வந்தார்கள். நான் போகவில்லை.

பிப்ரவரி 25

வேலைக்குப் போகிறேன், வருகிறேன். ஒருத்திக்குச் சோறு வைக்க அளவு தெரியவில்லை. தினமும் மிஞ்சுகிறது.

மார்ச் 10

சொல்லி வைத்த மாதிரி இன்று காலை கடப்பாரை வந்து நின்றார். தேதியை நான் அவரிடம் சொன்னதில்லை. அக்காவின் காலண்டரை ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்துக்கொண்டாராம்.

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். யாருக்கு இனி? ஆனால் அவர் மண்வெட்டியை எடுத்துக் குழியில் இறங்கிவிட்டார். மண் கெட்டியாக, சொன்ன பேச்சு கேட்கிற மாதிரி இருந்தது. சரியவில்லை, கசியவில்லை. சுவர் வைத்ததுபோல நாலு பக்கமும் நேராக நின்றது. நாள் முழுக்க ஜன்னலிலிருந்து ஒரு அதட்டல்கூட இல்லாமல் வேலை நடந்தது.

மத்தியானம் மோர் கொடுக்கும்போது கேட்டேன். “அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. ஆகஸ்ட்லயே மெஷின் வச்சு உடைச்சிருந்தா?”

டம்ளரைக் கீழே வைத்தார். “கஷ்டப்பட்டிருப்போம். ஆனா முடிஞ்சிருக்கும்மா.”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததே நல்லது.

மார்ச் 12

டேங்க் இறங்கியது. குழாய்க்காரரை நிற்க வைத்து, அன்றைக்கே பைப்பை இணைக்கச் சொல்லி, அவர் கை எடுத்ததும் ஹோஸைப் போட்டு நானே தண்ணீர் விட்டேன். வாய் வரை நிரம்பும் வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

போகும்போது கடப்பாரை, “லாரி கூப்பிட்டு அள்ற வேலையே இருக்காதும்மா. பெரிய டேங்கு. ஒத்தை ஆளுக்கு உங்க ஆயுசுக்கும் நெறையாது” என்றார். நல்லதாக நினைத்துத்தான் சொன்னார்.

மார்ச் 14

இன்று காலையில் புது பாத்ரூமைக் கழுவினேன். ஓட்டை நாற்காலியையும் வாளியையும் வெளியே எடுத்து வைத்தேன். சாயங்காலம் வரை உள்ளே போகவில்லை. பிறகு போனேன்.

கட்டிலிலிருந்து நாலு எட்டுதான். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் யாரும் இல்லை, யாரும் வரப்போவதும் இல்லை. ஆனாலும் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். எழுந்து அமுக்கினேன். தண்ணீர் சுழன்று இறங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் மண்ணுக்குள் போகிற சத்தம் வரை கேட்டது.

“போச்சுக்கா” என்றேன், சத்தமாகவே. “நல்லாப் போச்சு.”

தாழை எடுக்க எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.